தாளில் ஒரு கமரிய்யா

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பகுதியிலுள்ள பெண்கள் பள்ளி ஒன்றில் மீலாது விழாவையொட்டி ஓவியப் போட்டி நடைபெற்றது. ‘பள்ளிவாசலின் அழகு’ என்பது தலைப்பு. அரபியும் தமிழும் கற்பித்துக் காலங்கழித்த எனக்கு ஓவியத்தில் என்ன தேர்ச்சி என்று விழாவை நடத்தியவர்கள் கேட்கவில்லை. வயதுக்கும் தலைப்பாகைக்கும் மரியாதை செய்து நடுவர் நாற்காலியில் அமர்த்திவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. அன்று நான் செய்த பிழையே இக்கட்டுரைக்குக் காரணம்.

இறுதியில் இரண்டு ஓவியங்கள் எஞ்சின. இஸ்தான்புல் நகரத்துப் பள்ளிவாசல் ஒன்றின் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தையே இரண்டும் காட்டின. நாள்காட்டியில் வந்த ஒரே படத்தை இரு மாணவியரும் பார்த்திருந்தனர். ஒருத்தி போஸ்டர் கலரால் தீட்டியிருந்தாள். கண்ணாடித் துண்டுகளைச் சுற்றிக் கன்னங்கரேலென்று தடித்த கோடுகள். கோடுகளுக்கிடையே இடைவெளியின்றி அப்பிய சிவப்பும் நீலமும் பச்சையும். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிந்தது. மற்றவள் நீர்வண்ணத்தால் தீட்டியிருந்தாள். சுற்றுச் சுவர் மங்கிய சாம்பல் நிறம். நடுவே வெளிறிய வண்ணத் துண்டுகள். ஒரு துண்டுக்குள்ளேயே நீலம் ஓரிடத்தில் அடர்ந்தும் மற்றோரிடத்தில் நீர்த்தும் கிடந்தது. துண்டுகளுக்கு நடுவே கறுப்புக் கோடே இல்லை. வெறுந்தாள் மெல்லிய வெள்ளை வரிகளாகத் தெரிந்தது. கீழே தரையில் இரண்டு மூன்று நிறக் கறைகள், கரைந்தவாறு.

நான் முதலாவதற்குப் பரிசு அளித்தேன். இரண்டாமவளை அழைத்து, “நன்றாகத்தான் தொடங்கியிருக்கிறாய், ஆனால் முடிக்காமல் விட்டுவிட்டாயே, கோடுகள் எங்கே?” என்று கேட்டேன். அந்தப் பிள்ளை தலை குனிந்தபடி, “மறக்கல ஹஜ்ரத், விட்டு வச்சேன்” என்றாள். எனக்கு அது சாக்குப்போக்காகப்பட்டது. புன்னகைத்து அனுப்பிவிட்டேன்.

மறப்பதற்கும் விட்டுவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்ள எனக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஜெர்மனியில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய ஓவியத் தொகுதியும், என் அலமாரியில் ஏற்கெனவே இருந்த அரபி நூல்களும் சேர்ந்து அதை எனக்குக் கற்பித்தன. கற்றதை வாசக அன்பர்களின் முன்வைக்கிறேன். மூல ஓவியங்களை நான் நேரிற் கண்டவனல்லன்; நல்ல அச்சிற் கண்டவனே. அந்த எல்லைக்குள் நின்றே பேசுகிறேன்.

முதலில் கண்ணாடியைப் பார்ப்போம். வண்ணக் கண்ணாடிச் சாளரம் என்றதும் ஐரோப்பாவின் மாதாகோயில்களே பலருக்கு நினைவுக்கு வரும். அங்கே கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகளால் பிணைத்துச் சாளரம் அமைப்பார்கள். முஸ்லிம் நாடுகளில் வழக்கம் வேறு. சுண்ணச்சாந்துப் பலகையைக் கொடிகளாகவும் நட்சத்திரங்களாகவும் குடைந்தெடுத்து, அத்துளைகளின் பின்னே சிறு சிறு வண்ணக் கண்ணாடிகளைப் பதிப்பார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவரின் கண்ணுக்கு வண்ணம் மறையாதிருக்கும்பொருட்டுத் துளைகளைச் சாய்வாகக் குடைவதும் உண்டு. இஸ்தான்புலில் கட்டடக் கலைஞர் ஸினான் எழுப்பி 1557இல் நிறைவுபெற்ற ஸுலைமானிய்யாப் பள்ளிவாசலின் கிப்லாச் சுவரில் இத்தகைய சாளரங்களை இன்றும் காணலாம். அவற்றை ஆக்கிய கண்ணாடி வல்லுநரின் பெயர் இப்ராஹீம் என்று வரலாறு குறித்துவைத்திருக்கிறது.

கண்ணாடிக்கு நிறமூட்டும் வித்தையும் நம் முன்னோர் நன்கறிந்ததே. கோபால்ட்டு நீலத்தைத் தரும். மாங்கனீசு ஊதாவைத் தரும். செம்பு, சூளையின் பக்குவத்திற்கேற்பப் பச்சையாகவும் சிவப்பாகவும் மாறும். ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் ‘கிதாபுத் துர்ரத்தில் மக்னூனா’ என்னும் நூல் வண்ணக் கண்ணாடி செய்யும் முறைகள் பலவற்றைக் கூறுகிறது. ஆக, கண்ணாடியில் நிறம் என்பது மேலே பூசப்பட்டதன்று. உருகிய குழம்போடு கலந்து உடலெங்கும் ஊறி நிற்பது. ஒளி அந்த உடலுக்குள் புகுந்து மறுபுறம் வெளிப்படும்போது நிறத்தோடு வெளிப்படுகிறது. வண்ணக் கண்ணாடியின் அழகுக்கு இதுவே மூலம். கோடு அதன் அழகன்று. கோடு அதைத் தாங்கும் எலும்பு.

இச்சாளரங்களுக்கு அரபி வழக்கில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று ஷம்ஸிய்யா, ஷம்ஸ் என்றால் சூரியன். மற்றொன்று கமரிய்யா, கமர் என்றால் நிலவு. யமன் நாட்டில் கமரிய்யா என்பதே பெருவழக்கு. ஊருக்கு ஊர் பெயர் மாறுமேயன்றிப் பொருள் ஏறத்தாழ ஒன்றே. எனினும் இவ்விரு பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு சிந்தனை தோன்றிற்று. திருமறையின் யூனுஸ் அத்தியாயத்து 5ஆம் வசனம் சூரியனைக் குறிக்க ‘ளியா’ என்ற சொல்லையும், நிலவைக் குறிக்க ‘நூர்’ என்ற சொல்லையும் ஆள்கிறது. தன்னிலிருந்தே கிளம்பும் ஒளி முன்னது, பெற்றுத் தரும் ஒளி பின்னது என்று விரிவுரையாளர் பலர் வேறுபடுத்தியிருக்கின்றனர். அந்த வேறுபாட்டைச் சாளரத்துக்கும் ஓவியத்துக்கும் இடையே வைத்துப் பாருங்கள். உண்மையான சாளரத்தின் பின்னே சூரியன் நிற்கிறான். அச்சாளரத்தைத் தாளில் தீட்டும்போது பின்னே இருப்பது மேசைப் பலகை. தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. அறைக்குள் வரும் ஒளியை வாங்கித் திருப்பித் தருவதே அதனால் இயலும். சாளரம் ஷம்ஸிய்யா என்றால், அதன் ஓவியம் என்றைக்கும் கமரிய்யாதான்.

அப்படியானால் தாளில் கண்ணாடியின் ஒளியைக் கொண்டுவருவது எங்ஙனம்? இதற்கு விடை தேடி நான் ஓவிய நூல்களுக்குப் போகவில்லை. ஏறத்தாழ 965இல் பஸராவில் பிறந்து, காஹிராவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைஸமின் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியற் பெருநூலே எனக்கு விடை தந்தது. நிறமுள்ள தெளிந்த பொருளினூடே சென்ற ஒளி எதிரேயுள்ள வெண்ணிறப் பொருளின்மீது விழும்போது, அந்நிறத்தையும் உடன் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதை அவர் சோதித்துக் காட்டுகிறார். விழும் இடம் வெள்ளையாக இருக்கவேண்டும். அப்போதுதான் வந்த நிறம் தெளிவாகத் தெரியும். இருண்ட பொருள்மீது விழுந்தால் நிறம் மங்கி மறைந்துபோகும்.

நீர்வண்ண ஓவியத்தின் இலக்கணம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. நீர்வண்ணம் என்பது நுண்ணிய வண்ணப்பொடியை அரபிப் பிசினில் குழைத்துச் செய்வது. நம் எழுத்தணிக் கலைஞர்கள் விளக்குக் கரியோடு சேர்த்து மை கூட்டியது இதே பிசினில்தான். அந்த வண்ணத்தை நீரில் கரைத்துத் தாளில் ஓடவிட்டால், நீர் உலர்ந்தபின் மெல்லிய படலமொன்று எஞ்சும். அறையின் ஒளி அப்படலத்தை ஊடுருவிச் சென்று வெண்டாளில் மோதி, மீண்டும் அப்படலத்தினூடே நம் கண்ணுக்குத் திரும்புகிறது. கண்ணாடியில் ஒளி ஒருமுறை கடக்கும். தாளிலோ இருமுறை கடக்கும். ஆகவே கண்ணாடியில் எத்தனை அடர்த்தியோ அத்தனை அடர்த்தியைத் தாளிலும் வைத்தால் நிறம் இருண்டுபோகும். நிறத்தை இளக்கி வைப்பவனே ஒளியைப் பெறுவான். போஸ்டர் கலர் முதலிய கட்டி வண்ணங்களோ ஒளியைத் தாள்வரை செல்லவிடுவதில்லை. மேற்பரப்பிலேயே தடுத்துத் திருப்பிவிடுகின்றன. அவை பளிச்சிடும்; ஆயினும் ஒளிவிடா. சுவருக்குப் பூசிய சாயமும் பளிச்சிடத்தானே செய்கிறது!

நான் பரிசளித்தது சுவருக்கு. கைவிட்டது சாளரத்தை.

இதை இன்னும் துலக்கமாக எனக்குக் காட்டியவை, 1914ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் துனீஸிய நாட்டில் தீட்டப்பெற்ற சில சிறு ஓவியங்கள். அந்த ஓவியத் தொகுதியில்தான் அவற்றை முதன்முதல் கண்டேன். துனீஸியா அப்போது பிரெஞ்சு ஆதிக்கத்தின் கீழ் இருந்தது. பால் க்ளே, அகஸ்ட் மாக்கே, லூயி முவாலியே என்னும் மூன்று ஓவிய நண்பர்கள் அங்கே சென்றனர். துனூஸ் நகரில் தொடங்கி, கடலோரச் சிற்றூரான ஹம்மாமெத் வழியாக, உக்பா இப்னு நாஃபிஉ அவர்கள் 670இல் நிறுவிய கைரவான் நகரம் வரை அவர்கள் பயணம் செய்தனர். க்ளே அந்நாட்டில் தங்கியது இரண்டு வாரத்துக்கும் குறைவே. அவருக்கு அப்போது வயது 34. அதுவரை கோட்டோவியத்தில் கைதேர்ந்தவராக இருந்தும் வண்ணம் தமக்கு வசப்படவில்லையே என்று ஏங்கியவர் அவர். கைரவானில் வண்ணம் தம்மை ஆட்கொண்டுவிட்டது என்ற கருத்தில் நாட்குறிப்பில் எழுதினார். அந்நாட்குறிப்பைப் பிற்காலத்தில் அவரே திருத்திப் படியெடுத்தார் என்பதால் அச்சொற்களை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஓவியங்களை நம்பலாம்.

அவற்றுள் ‘ஹம்மாமெத்தும் அதன் பள்ளிவாசலும்’ என்பதை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு சாண் அகலங்கூட இல்லாத தாள். பென்சிலும் நீர்வண்ணமுமே கருவிகள். மேற்பகுதியில் பள்ளிவாசலும் கோபுரங்களும் தோட்டமும் கண்ணாற் கண்டவாறே சிறிதாக அமைந்துள்ளன. கீழ்ப்பகுதிக்கு இறங்கினால் மரமும் இல்லை, மண்ணும் இல்லை. சதுரமும் முக்கோணமுமாகச் சிவப்பும் இளஞ்சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் பரவிக் கிடக்கின்றன. எல்லாம் ஊடுருவித் தெரியும் மென்படலங்கள். பிரெஞ்சு ஓவியர் ரோபெர் தெலோனே 1912இல் ‘சாளரங்கள்’ என்னும் வரிசையில் இவ்வாறு நிறக் கட்டங்களையே பொருளாக்கி ஓவியம் தீட்டியிருந்தார். ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டவர் க்ளேதான். ஆகவே ஹம்மாமெத்துக்கு வரும்போதே ஒரு சாளரத்தை மனத்திற் சுமந்து வந்தார் என்று சொல்வது பிழையாகாது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். க்ளே இந்த ஓவியத்தில் கண்ணாடிச் சாளரம் எதையும் வரையவில்லை. ஊரையும் தோட்டத்தையும் வரைந்தார். எனினும் கண்ணாடிச் சாளரத்தின் முன் நிற்கும்போது நம் கண் அடையும் குளிர்ச்சியை இந்தத் தாள் தருகிறது. சாளரத்தையே வரைபவர் பலர் அதனைத் தரத் தவறுகின்றனர். காரணம் யாது? அவர்கள் சாளரத்தின் உருவத்தை எடுத்துக்கொண்டனர். க்ளே அதன் செயலை எடுத்துக்கொண்டார். உருவம் என்பது கோடும் கட்டமும். செயல் என்பது ஒளியைத் தடுக்காமல், அதற்கு நிறம் மட்டும் கொடுத்து அனுப்புவது. க்ளேயின் கட்டங்களுக்கிடையே பல இடங்களில் மயிரிழை அகலத்துக்குத் தாள் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. ஒரு கட்டத்தின் ஈரம் அடுத்த கட்டத்துக்குள் பாயாதிருக்க அந்த உலர்ந்த வரப்பு உதவும் என்பது தொழில்முறைக் காரணம். ஆனால் அதற்குமேலும் ஒரு பயன் அதற்கு உண்டு. தாள் எத்துணை வெள்ளை என்பதை அந்த வரப்புகள் இடையறாது நினைவூட்டுகின்றன; அதனால் ஒவ்வொரு நிறமும் பின்னாலிருந்து ஒளி பெறுவதுபோல் தோன்றுகிறது. அந்த வெள்ளை வரப்பைக் கண்ட இரவுதான் எனக்கு அந்தப் பிள்ளையின் சொல் திரும்ப வந்தது: விட்டு வச்சேன்.

க்ளேயின் ஓவியங்கள் அனைத்தையும் நான் ஒரே நிறையில் வைக்கவில்லை. ‘கைரவானின் வாயில்களுக்கு முன்னால்’ என்னும் ஓவியத்தில் மணலின் வெளிறிய நிறம் தாளெங்கும் கசிந்து கிடக்க, குவிமாடங்களும் ஒட்டகங்களும் துளித்துளியாக மிதக்கின்றன. அங்கே ஒளி இருக்கிறது. கண்ணாடியின் ஆழம் இல்லை. இருளைச் சற்றும் சேர்க்காத இடத்தில் ஒளி ஒளியாகத் தெரிவதில்லை. ‘சிவப்பு, வெள்ளைக் குவிமாடங்கள்’ என்பதிலோ சதுரக் கட்டங்களின் நடுவே அடர்ந்த நிறங்களும் இளநிறங்களும் மாறி மாறி நிற்பதால், குவிமாடங்கள் சாளரத்தில் பதித்த கண்ணாடிகள்போல் எழுந்து தெரிகின்றன. ஒளியைக் காட்ட இருளும் வேண்டும் என்ற பாடத்தை இவ்விரண்டையும் ஒப்பிட்டே கற்கலாம்.

மாக்கேயின் கை வேறு விதமானது. அவர் துனீஸியாவில் முப்பதுக்கும் மேற்பட்ட நீர்வண்ண ஓவியங்களைத் தீட்டினார். க்ளே தயங்கித் தயங்கித் தொட்ட இடத்தில் மாக்கே நிறைந்த தூரிகையோடு இறங்குகிறார். கழுதைமேற் செல்வோர், கடைத்தெரு, வெண்சுவர், வீட்டு நிழல் எல்லாம் கட்டங்கட்டமாக அடுக்கப்படுகின்றன. நிழலுக்குக் கறுப்பையோ சாம்பலையோ நாடாமல் அடர்ந்த நீலத்தையும் ஊதாவையும் வைக்கிறார். அதனால் நிழலும் ஒரு வண்ணக் கண்ணாடியாகிவிடுகிறது. மனிதர்களை நேசிக்கும் கண் மாக்கேயுடையது. க்ளேயிடம் அது குறைவு. ஆயினும் மாக்கேயின் ஓவியத்தில் வெளியே வெயிலில் நிற்கிறோம். க்ளேயின் ஓவியத்திலோ உள்ளே நின்று சாளரத்தைப் பார்க்கிறோம். நம் பொருளுக்கு நெருங்கியவர் க்ளேயே. மாக்கேக்குத் தம் கலையை வளர்க்கக் காலம் வாய்க்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. செப்டம்பர் 26ஆம் நாள் பிரான்சின் போர்முனையில் அவர் கொல்லப்பட்டார். வயது 27. ஏப்ரலில் தீட்டிய தாள்களுக்கும் அந்நாளுக்கும் இடையே ஆறு மாதங்கூட இல்லை.

மூன்றாமவரான முவாலியே அப்பயணத்தில் மிகக் குறைவாகவே தீட்டினார். அவரைப் பேசுவோரும் குறைவு. ஆனால் மூவருள் கண்ணாடிக்கே போய்ச் சேர்ந்தவர் அவர்தான். பிற்காலத்தில் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன், வின்டர்தூர் நகரங்களிலுள்ள தேவாலயங்களுக்கு வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை அவர் வடிவமைத்தார். க்ளேயும் 1920களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது கண்ணாடி ஓவியப் பட்டறைக்குச் சில காலம் பொறுப்பு வகித்தார். ஒன்றின் செயலைக் கற்றவர் மற்றொன்றுக்குச் செல்வது எளிது என்பதற்கு இவர்களே சான்று.

இவ்விடத்தில் வாசகர் சிலர் நியாயமான ஐயம் ஒன்றை எழுப்பக்கூடும். அந்நியர் ஆட்சியின் கீழிருந்த முஸ்லிம் நாடொன்றில் இரண்டு வாரம் சுற்றிவிட்டு, அங்குள்ள மக்களின் மொழியையும் துயரத்தையும் அறியாமல், நிறத்தை மட்டும் அள்ளிக்கொண்டு போனவர்களை நாம் ஏன் கொண்டாடவேண்டும்? பள்ளிவாசல் இவர்களுக்குத் தொழுமிடமன்று. அழகான வடிவம், அவ்வளவே. இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. நான் அதை மறைக்கமாட்டேன். ஹம்மாமெத் ஓவியத்தில் பாங்கொலி கேட்கவில்லை. தொழச் செல்லும் மனிதரின் சுவடும் இல்லை. எனினும் ஒன்று சொல்வேன். கீழைநாட்டைத் தீட்டிய ஐரோப்பியர் பலர் அந்தப்புரங்களையும் அடிமைச் சந்தைகளையும் கற்பனை செய்து நம்மைக் காட்சிப்பொருளாக்கினர். க்ளே அதைச் செய்யவில்லை. அறியாததை அறிந்ததுபோல் வரையவில்லை. தமக்குக் கிட்டியது நிறமும் ஒளியும் என்று கண்டு, அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை வெறுமையாக விட்டுவைத்தார். அந்த அடக்கம் மதிக்கத்தக்கது. நம் வீட்டுக் கருவூலத்தின் அருமையை அயலார் சொல்லித்தான் நாம் அறிகிறோம் என்பது அவர்கள் குற்றமன்று, நம் குற்றம். இப்னுல் ஹைஸம் என் அலமாரியில் இருபது ஆண்டுகளாக இருந்தார். அவரைத் திறக்க எனக்குச் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓர் ஓவியர் தேவைப்பட்டார்.

இனி, நம் பிள்ளைகளின் ஓவியங்களில் நான் காணும் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தூரிகை பிடிக்கும் பிள்ளை இருந்தால் பெற்றோர் இவற்றைக் கவனிக்கலாம்.

முதற்குறை, கோட்டில் தொடங்குவது. கறுப்பு மையால் கட்டங்களை வரைந்துவிட்டுப் பிறகு நிறத்தை நிரப்பினால் மை கசிந்து நிறத்தை அழுக்காக்கும். நிறமும் கோட்டுக்கு அடிமையாகிவிடும். பென்சிலால் மெல்லக் குறித்துக்கொண்டு, நிறங்களை முதலில் இட்டு, அவை நன்கு உலர்ந்தபின் கோடு தேவையா என்று சிந்திக்கவேண்டும். தேவையெனில் தனிக் கறுப்பை நாடாமல், அடர்ந்த நீலத்தோடு பழுப்பைக் குழைத்த கருநிறத்தால் மெல்லியதாக இடவேண்டும். ஒளிமிக்க நீலக் கண்ணாடி தன்னைச் சூழ்ந்த கம்பியைத் தின்றுவிடுவதுபோல் தோன்றும். 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-துக் இதை விரிவாக ஆராய்ந்தார். ஆகவே கோடு எங்கும் ஒரே தடிப்பாக இருப்பது கண்ணுக்கு உண்மையன்று. அன்றியும், நம் பள்ளிவாசற் சாளரங்களில் கண்ணாடிகளைப் பிரிப்பது கறுத்த ஈயமன்று; வெள்ளைச் சுண்ணச்சாந்து. பகலில் உள்ளிருந்து பார்க்கையில் அது நிழலாடித் தோன்றலாம். என்றாலும் மையிட்ட கறுப்பாக ஒருபோதும் தோன்றாது. அந்தச் சாந்து வரிகளுக்குத் தாளின் வெண்மையையே வைத்த பிள்ளை பொருளறிந்து வைத்தாள்.

இரண்டாவது, நிறத்தை ஒரே சீராக நிரப்புவது. கையால் செய்த கண்ணாடி எங்கும் ஒரே தடிப்பாக இராது; அதனுள் குமிழியும் அலையும் இருக்கும். ஈரம் உலருமுன் அதே கட்டத்துக்குள் சற்று அடர்ந்த நிறத்தையோ அண்டை நிறத்தையோ ஒரு துளி விட்டால் அது தானே பரவி அந்த உயிர்ப்பைத் தரும். அதன்பின் தொடாமல் விடவேண்டும். திரும்பத் திரும்பத் தடவினால் ஒளி செத்துவிடும்.

மூன்றாவது, சுவரை மறப்பது. சாளரம் சுடர்விடுவது அதைச் சூழ்ந்த அறை இருண்டிருப்பதால். நிறத்தைக் கூட்டிக் கூட்டிச் சாளரத்தை ஒளிரவைக்க முயல்வதைவிடச் சுவரை ஒரு படி இருட்டாக்கினால் போதும். தரையில் விழும் நிறக் கறைக்கு விளிம்பு கூர்மையாக இருத்தலாகாது. தாளை நனைத்து அதன்மேல் நிறத்தை விடவேண்டும்.

இவை யாவும் கைத்திறச் செய்திகள். இவற்றின் அடியில் கிடப்பது ஒன்றே. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பூசும் நிறமன்று, காப்பாற்றும் நிறம். முதல் துளி விழுமுன்னரே எதைத் தொடாதிருப்பது என்று முடிவுசெய்யவேண்டும். மூடிவிட்ட வெண்மையை மீட்பது அரிது. கட்டி வெள்ளையைப் பூசி மறைக்கலாம், ஒளி திரும்பாது. கற்பிப்பதிலும் தீர்ப்பளிப்பதிலும் இப்படித்தானோ என்று இப்போது எண்ணுகிறேன். முப்பது ஆண்டுகளாக மாணவர்களின் தாள்களில் இடைவெளி கண்ட இடமெல்லாம் ‘விடுபட்டது’ என்று சிவப்பு மையால் குறித்துப் பழகியவன் நான். சில இடங்களில் விட்டதும் விடையாக இருந்திருக்கக்கூடும்.

உயிருருவங்களை வரைவது குறித்து நம் இல்லங்களில் தயக்கம் உண்டு. அதன் காரணங்களை நான் அறிவேன், மதிக்கிறேன். ஆனால் அத்தயக்கத்தின் பெயரால் தூரிகையையே பிடுங்கிவிடுகிறோம். ஒளியும் நிறமும் வடிவமும் நம் கலை மரபின் உயிர்நாடி. அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் மாடத்தையும் விளக்கையும் கண்ணாடியையும் உவமையில் வைத்திருக்கிறது. அவ்வுவமைக்கு உரை கூற இது இடமன்று. ஆனால் அதை ஓதி வளரும் பிள்ளைக்குக் கண்ணாடியில் ஒளி புகுவதை உற்றுப்பார்க்கத் தெரிந்திருப்பது நன்று. கறுப்புக் கோட்டுக்குள் நிறம் நிரப்பும் அச்சுப் புத்தகத்தை மட்டும் கையில் கொடுத்தால் அந்தப் பார்வை வராது.

சென்ற ஆண்டு அந்தப் பிள்ளையின் தந்தையைத் தேடிச் சென்று என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, “அத மறந்திருப்பா ஹஜ்ரத்” என்றார். அவள் மறக்கவில்லை. உள்ளே போய் ஓவியத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். கூடத்துச் சுவரில் ஓராண்டு வெயிலில் தொங்கியதாம், சிவப்பு வெளுத்துவிட்டது. நீர்வண்ணங்கள் பல அப்படித்தான். கண்ணாடி பல நூற்றாண்டுகள் வெயிலைத் தாங்கும். தாளில் இட்ட நிறத்தை அது எந்த ஒளியால் வாழ்கிறதோ அதே ஒளி உண்டுவிடும். இதனாலேயே அருங்காட்சியகங்கள் இத்தகைய ஓவியங்களைச் சுமார் 50 லக்ஸ் அளவான மங்கிய ஒளியில் சில காலமே காட்டி, மீண்டும் இருட்டில் பாதுகாக்கின்றன.

அதனை நான் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டவில்லை. ‘அல்முன்ஜித்’ அகராதியின் நடுவே, கமர் என்னும் சொல் வரும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பொருள் தேடிப் புரட்டும்போது எப்போதாவது விரியும். சிவப்பு போய்விட்டது. விட்டுவைத்த வெள்ளை அப்படியே இருக்கிறது.